ஆறு மாசம் நிறையுது, பாப்பா பாட்டில் வாங்க மாட்டேங்குறா, 13 நாள்ல ஆபீஸ்

சாரல் (சென்னை), செவ்வாய் இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் பாப்பா தூங்கினா. ஒரு கையால தூளியை ஆட்டிக்கிட்டே அடிக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வர்ற வெள்ளியோட அவளுக்கு ஆறு மாசம் நிறையுது. பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் வேலைக்குப் போனேன். 26 வார லீவுல ஒரு நாள்கூட முன்னாடி எடுக்காம முழுசா அவளுக்குன்னு வச்சுக்கிட்டேன். சொந்த லீவு ஒரு வாரமும் சேர்த்தாச்சு. அதுவும் முடியுது. வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கள் ஆபீஸ். காலையில 8.15-க்குக் கிளம்பினா திரும்ப 6.30 ஆயிடும். பத்து மணி நேரம்.

பாட்டிலை வாயில வச்சாலே நாக்கால தள்ளிடுறா. நாலு வகை நிப்பிள் மாத்திப் பார்த்தாச்சு. இப்ப பாட்டிலைக் கண்டாலே முதுகை வில்லு மாதிரி வளைச்சுக்கிட்டு அழறா. இன்னிக்கு நான் கொடுத்தேன், அவர் கொடுத்தார், அத்தை கொடுத்தாங்க. கடைசியில பிழிஞ்சு வச்ச 90 மில்லிப் பாலை சிங்க்ல கொட்டினேன். கொட்டும்போது தாங்க முடியல.

பகல்ல அத்தைதான் பார்த்துக்கப் போறாங்க, அதுக்காகவே ஊர்லருந்து வந்திருக்காங்க. "ஆறு மாசம் ஆயிடுச்சே, கேப்பைக்கூழைக் காய்ச்சிக் குடுத்தா பசி தாங்கும், பால் எதுக்கு"ங்கிறாங்க. டாக்டர் பால்தான் இன்னும் முக்கியம்னு சொல்லிட்டார். ராத்திரியில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேற முழிக்கிறா. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. இதைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க.

கொள்ளிடக்கரை (திருச்சி), செவ்வாய் இரவு 11.58

சாரல், முதல்ல அந்தப் பாட்டிலை எடுத்து அலமாரி மேல வச்சுடுங்க. பாலாடை இருக்கா வீட்ல? பிள்ளைக்குப் பால் புகட்டுற சங்குன்னும் சொல்லுவோமே, அது.

நான் பேங்க்ல இருக்கேன். மூத்தவனுக்கு ஆறரை மாசத்துல திரும்ப வேலைக்குப் போனேன், உங்க கதையேதான். பாட்டிலோட மூணு வாரம் மல்லுக்கட்டினேன். எங்கம்மா ஒரு நாள் பொறுமை போயி, அவனுக்குப் பேர் வைக்கும்போது தாய்மாமன் போட்ட வெள்ளிச் சங்கை பீரோவுலருந்து எடுத்தாங்க. மடியில நிமிர்த்தி உட்கார வச்சு, சங்கோட மூக்கைக் கீழுதட்டுல வச்சு, சாய்க்காம அப்படியே காத்திருந்தாங்க. பால் உதட்டுல பட்டதும் அவனே நாக்கை நீட்டி நக்கினான். முதல் நாள் 20 மில்லி உள்ள போச்சு, 40 மில்லி கழுத்து மடிப்புல போச்சு. நாலாவது நாள் 60 மில்லி குடிச்சான்.

ரெண்டாவது பொண்ணுக்குப் பாட்டிலே வாங்கல. ஆறு மாசத்துல பாலாடை, எட்டு மாசத்துல சின்ன எவர்சில்வர் டம்ளர். ஒன்பது மாசத்துல பாட்டிலை மறக்கடிக்கிற வேலையும் மிச்சம்.

ஊர்ச்செவிலி (விருதுநகர் மாவட்டம்), புதன் காலை 6.10

நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல செவிலியர். தடுப்பூசி நாள்ல தாய்மார்கிட்ட எப்பவும் பேசுற விஷயம்ங்கிறதால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

கொள்ளிடக்கரை சொன்னது சரி. உறிஞ்ச முடியாத குறைமாசக் குழந்தைகளுக்கே நாங்க பாலாடையிலதான் கொடுக்கிறோம். ஆறு மாசப் பிள்ளைக்கு டம்ளரே வரும். பாட்டிலோட பிரச்சினை கழுவுறதுலதான். நிப்பிள் இடுக்குல பால் ஒட்டிக்கிட்டா எவ்வளவு தேய்ச்சாலும் போகாது, வயித்துப்போக்கு அங்கருந்துதான் வருது. பாலாடை திறந்த பாத்திரம், சோப்புத் தண்ணியில கழுவிக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா முடிஞ்சது. பால் பாட்டிலை விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு நம்ம நாட்டுல 1992-லருந்து சட்டம் இருக்கு. காரணமில்லாம போடல.

எவ்வளவு பால் வேணும்? நீங்க இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30-லருந்து 40 மில்லின்னு கணக்கு வச்சுக்கோங்க. பத்து மணி நேரத்துக்கு 300-லருந்து 400. நாலைஞ்சு வேளையா பிரிச்சுக் கொடுக்கலாம். ஒரே வேளையில 200 குடிக்கணும்னு எதிர்பார்க்காதீங்க, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை அப்படிக் குடிக்காது.

பிழிஞ்ச பால் வெளியில 4 மணி நேரம் தாங்கும்னு சொல்றது 25 டிகிரிக்கு. சென்னை வெயிலுக்கு அந்தக் கணக்கு ஆகாது, பிழிஞ்ச உடனே ஃபிரிட்ஜுல வைங்க, கதவுல இல்ல, உள்ளே பின்பக்கம். அங்க 4 நாள் வரைக்கும் இருக்கும். எடுத்ததும் அடுப்புல வைக்காதீங்க, மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெந்நீர்க் கிண்ணத்துல நிறுத்தி வச்சா போதும். மேல ஆடை மாதிரி கொழுப்பு பிரிஞ்சு நிக்கும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிடாதீங்க, மெதுவா சுத்தினா கலந்துடும். வாய் வச்சு மிச்சம் விட்டதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வச்சுக்கக் கூடாது.

பவானிக்காரி (ஈரோடு), புதன் காலை 9.25

எனக்கு இதுல மாற்றுக் கருத்து இருக்குங்க. என் ரெண்டு பசங்களும் பாட்டில்லதான் வளர்ந்தாங்க, நல்லாத்தான் இருக்காங்க. நாலு பாட்டில் வச்சிருந்தேன், தினம் ராத்திரி கொதிக்க வச்சுருவேன். பாலாடையில எங்க அக்கா பொண்ணுக்குப் புரையேறி மூக்கு வழியா பால் வந்துச்சுங்க, அந்த அஞ்சு நிமிஷம் எங்களுக்கு உசுரே இல்ல. வயசானவங்க கைநடுக்கத்தோட ஊத்தினா என்ன பண்ணுவீங்க?

ஊர்ச்செவிலி, புதன் மதியம் 1.40

பவானிக்காரி, உங்க பயம் நியாயம். புரையேறுறது பெரும்பாலும் ரெண்டு காரணத்தாலதான். மல்லாக்கப் படுக்க வச்சு ஊத்துறது, அழும்போது வாய்க்குள்ள ஊத்துறது. நம்ம ஊர்ல ரெண்டு காலையும் நீட்டி, காலுக்கு நடுவுல பிள்ளையைப் போட்டு, மூக்கைப் பிடிச்சுச் சங்குல ஊத்துற பழக்கம் இருக்கு பாருங்க, அதை நான் எங்க பார்த்தாலும் நிறுத்துவேன். ஊத்தவே கூடாது. உதட்டுல வச்சுக் காத்திருக்கணும், பிள்ளை எடுத்துக்கும். சாரலோட அத்தைக்கு இதை வாயால சொன்னா போதாது, ரெண்டு நாள் பக்கத்துல இருந்து செய்ய வைங்க.

பாட்டிலை ஒழுங்கா கொதிக்க வச்சுக் கொடுத்த தாயை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இந்தப் பிள்ளை பாட்டிலே வேண்டாங்குது, மிச்சம் இருக்கிறது 12 நாள். வேண்டாங்கிறதைப் பழக்க அந்த நாளைச் செலவழிக்க வேண்டாமே.

பிள்ளையைப் பார்த்துக்கிற எல்லாருக்கும் இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கணும். இருமினாலோ ஓங்கரிச்சாலோ விட்டுடுங்க, தானே சரியாகும். சத்தமே வராம முகம் நீலம் பாய்ஞ்சா மட்டும், முன்கையில குப்புறப் போட்டுத் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால 5 தட்டு. சரியாகலன்னா மல்லாக்கத் திருப்பி நெஞ்சு நடுவுல ரெண்டு விரலால 5 அழுத்து. மாத்தி மாத்திச் செய்யும்போதே இன்னொருத்தர் 108-க்கு அடிக்கணும். வாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டக் கூடாது.

ஒண்டிப்புதூர் அப்பா (கோவை), புதன் இரவு 10.05

ஒரு அப்பா எழுதலாம்னு நினைக்கிறேனுங்க. எங்க வீட்ல இதே நிலைமை வந்தப்ப ஒண்ணு கண்டுபிடிச்சோம். அம்மா அதே ரூம்ல இருந்தா பிள்ளை வேற எதையும் தொடாது, வாசனையே போதும் அதுக்கு. அதனால என் மனைவி ஒரு மணி நேரம் கீழ் வீட்டுல போய் உட்கார்ந்துக்குவாங்க. நான் அவங்க கட்டியிருந்த பழைய காட்டன் சேலையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஜன்னல் பக்கம் நின்னு ரோட்டுல போற பஸ்ஸைக் காட்டிக்கிட்டே கொடுத்தேன். நல்லாப் பசிச்சு அழற நேரத்துல இல்ல, அதுக்கு அரை மணி நேரம் முன்னாடி. அது முக்கியமுங்க.

ராத்திரி விஷயம். பிள்ளை அழுதா நான் எந்திரிச்சுத் தூக்கிட்டு வந்து மனைவி பக்கத்துல விடுவேன், குடிச்சதும் தோள்ல போட்டுத் தூங்க வைக்கிறது என் வேலை. பால் கொடுக்கிறது மட்டுந்தான் அவங்களால முடியும், மிச்சம் எல்லாமே என்னால முடியும்னு ஒரு நாள் உறைச்சது. சாரல், உங்க வீட்டுக்காரரை இதைப் படிக்கச் சொல்லுங்க.

நாஞ்சில் தென்றல் (நாகர்கோவில்), வியாழன் காலை 11.15

சாப்பாட்டுக்கு நான் சொல்லுதேன். எங்க பக்கம் ஏத்தங்காய்ப் பொடிதான், நீங்க நேந்திரங்காய்னு சொல்லுத காய். ஏத்தங்காயை மெல்லிசா சீவி, வெயில்ல நொறுங்கக் காயப்போட்டுப் பொடிச்சு வச்சுக்கிடணும். தண்ணியில கரைச்சுக் காய்ச்சினா கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும், பிள்ளைக்கு வயிறு கெட்டியா இருக்கும். கேப்பை கொடுக்கதா இருந்தா ராத்திரியே ஊறப்போட்டு, அரைச்சு, வேட்டித் துணியில பிழிஞ்சு பாலெடுத்துக் காய்ச்சுங்க. கடை மாவைக் கரைச்சுக் காய்ச்சினா திப்பி நிக்கும், பிள்ளை துப்பிடும்.

அப்புறம் வசம்பு உரசி நாக்குல தடவுங்க. பிள்ளை வளர்ப்பான்னு சும்மாவா பேரு வச்சாங்க? தேனும் ஒரு சொட்டு.

ஊர்ச்செவிலி, வியாழன் மதியம் 2.20

தென்றல் அக்கா, ஏத்தங்காய்க்கும் கேப்பைக்கும் ரெண்டு கையையும் தூக்குறேன். தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதுல இருக்கிற ஒரு கிருமியோட வித்து நம்மளை ஒண்ணும் பண்ணாது, பிஞ்சுக் குடல்ல முளைச்சு விஷமாகி உடம்பைத் தளரப் பண்ணிடும். வசம்பும் உள்ளுக்குக் கொடுக்காதீங்க. உரை மருந்து உரசுற கல்லுல ஒட்டியிருக்கிற அழுக்கே வயித்தைக் கெடுக்கப் போதும்.

சாரல், உங்க அத்தையும் டாக்டரும் சொல்றது ரெண்டும் சேர்த்துத்தான் சரி. ஆறு மாசம் நிறைஞ்சா பால் மட்டும் பத்தாது, முக்கியமா இரும்புச்சத்து. வயித்துல இருக்கும்போது சேர்த்து வச்சது இந்த நேரத்துல தீர ஆரம்பிக்கும். ஆனா 6-லருந்து 8 மாசம் வரைக்கும் சாப்பாட்டுலருந்து ஒரு நாளைக்கு வேண்டியது சுமாரா 200 கலோரிதான், மிச்சமெல்லாம் பால்லருந்து. அதனால கூழ் பாலோட இடத்துக்கு வரக் கூடாது, பாலுக்குத் துணையா வரணும்.

முதல் வாரம் ஒரு வேளை, ரெண்டு மூணு ஸ்பூன் போதும். அப்புறம் ரெண்டு வேளை, மூணு வேளை. ஸ்பூனைச் சாய்ச்சா தண்ணி மாதிரி ஓடக் கூடாது, ஒட்டிக்கிட்டு மெதுவா விழணும். தண்ணிக் கூழ் வயித்தை நிரப்பும், சத்து இருக்காது. பாசிப்பருப்பு சாதம் குழைச்சு ஒரு சொட்டு நெய், மசிச்ச பரங்கிக்காய், கீரை, வேகவச்ச மஞ்சள் கரு எல்லாமே கொடுக்கலாம். உப்பும் சர்க்கரையும் ஒரு வயசு வரைக்கும் வேண்டாம். பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கிறதும் ஒரு வயசுக்கு அப்புறம்தான். அங்கன்வாடியில ஆறு மாசத்துலருந்து சத்துமாவு தர்றாங்க, பேரைப் பதிஞ்சு வாங்கிக்கோங்க. வாரம் ரெண்டு நாள் 1 மில்லி இரும்புச் சத்து சிரப்பும் கேட்டு வாங்குங்க, கூச்சப்பட வேண்டியதில்ல.

தூளி பத்தி ஒரு வார்த்தை. பாப்பா புரண்டு, எம்பிப் பார்க்க ஆரம்பிச்சுட்டா தூளியில தனியா விட்டுட்டு அடுப்படிக்குப் போகாதீங்க.

நூல்கண்டு (திருப்பூர்), வியாழன் இரவு 11.30

மூணு நாளா படிச்சிட்டு இருக்கேன். எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன்.

எனக்கு 26 வாரம் எல்லாம் இல்லீங்க. பீஸ் ரேட்டுல தைக்கிறேன், தைச்சா காசு, இல்லைன்னா இல்ல. ஈ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனியில இருந்தா கிடைச்சிருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைதான் கை கொடுத்தது. 18,000-ங்கிறது மொத்தமா வராது, பணமும் சத்துப் பெட்டகமுமா தவணையா வந்தது. பையனுக்கு 70 நாள்ல திரும்பப் போயிட்டேன். எதிர் வீட்டுப் பாட்டிதான் பார்த்துக்கிட்டாங்க, அவங்களுக்கு வாரம் 500 கொடுத்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்துல மாரு கட்டி சட்டை நனைஞ்சிடும். பாத்ரூம்ல நின்னு பிழிஞ்சு கீழ ஊத்துவேன். வெளியூர் போகும்போது பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறையைப் பார்த்தா, இது மாதிரி ஒண்ணு நாங்க வேலை செய்யிற இடத்துல இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுக்குவேன். பஸ் ஸ்டாண்டுல 2015-லயே திறந்துட்டாங்களே.

அவனுக்கு இப்ப ஆறு மாசம். பகல்ல பவுடர் பால், ராத்திரி முழுக்க என்கிட்ட. நான் வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டாலே குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்ப்பான். சாரல் அக்கா, பால் கொட்டினதுக்கு நீங்க அழுதீங்கன்னு படிச்சப்ப நானும் அழுதேன். நான் தினம் கொட்டினேன்.

கொள்ளிடக்கரை, வெள்ளி காலை 5.50

நூல்கண்டு, ராத்திரியே படிச்சுட்டேன், தூக்கம் வரல. அந்தப் பையன் தலையைத் தூக்கிப் பார்க்கிறானே, அதுக்கு மேல எதுவும் வேண்டாம் உங்களுக்கு.

50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற இடத்துல குழந்தைக் காப்பகம் இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துட்டு வர விடணும்னு 2017-ல சட்டத்துல சேர்த்தாங்க. எத்தனை இடத்துல இருக்கு? எங்க கிளையில தாழ்ப்பாள் போட்ட ஒரு ரூமுக்கே நான் எட்டு தடவை எழுதிக் கொடுத்தேன். சாரல், நீங்க வேலையில சேர்ற அன்னிக்கே எழுத்துல கேளுங்க. உங்களுக்குக் கிடைச்சா அடுத்து வர்றவளுக்குக் கேட்காமலே கிடைக்கும். நூல்கண்டு, மதியம் பிழியிற பாலைக் கீழ ஊத்தாம கொண்டுபோக வழி இருக்கு. மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, ஐஸ் பை போட்ட சின்னப் பை. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். உங்களுக்கு ஒண்ணு அனுப்பி வைக்கணும்னு ஆசை, தனிச்செய்தி பாருங்க.

சாரல், சனி இரவு 10.20

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நூல்கண்டு, உங்க பதிவை அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். அவங்க ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "நானும் களையெடுக்கப் போயிட்டு வரப்போரத்துல உட்கார்ந்து பீய்ச்சி ஊத்தினவதான்"னாங்க. கல்யாணமாகி நாலு வருஷத்துல அவங்க அதை என்கிட்ட சொன்னதே இல்ல.

நேத்து சங்கை எடுத்தோம். நான் மொட்டை மாடிக்குப் போயிட்டேன். அத்தை என் நைட்டியை மடியில விரிச்சு அவளை உட்கார வச்சாங்களாம். முதல்ல கையால தட்டிவிட்டிருக்கா. அத்தை சங்கை அவ கையிலயே கொடுத்துட்டாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்து, வாயில வச்சுக் கடிச்சு, அப்புறம்தான் அத்தை அதுல ரெண்டு சொட்டுப் பாலை விட்டிருக்காங்க. 15 மில்லி. இன்னிக்குக் காலையில 35. சாயங்காலம் 20-தான், ஆனா அழல.

கூழும் நேத்து ஆரம்பிச்சாச்சு. துணியில பிழிஞ்சு பாலெடுத்த கேப்பை. முதல் ஸ்பூனுக்கு முகத்தைச் சுருக்கி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கினா. ரெண்டாவதுக்கு வாயைத் திறந்தா. மூணாவது மூக்கு மேல.

யாழ் நிலவு (யாழ்ப்பாணம்), ஞாயிறு காலை 7.45

வாசிக்க ஆசையாக் கிடக்கு. இஞ்ச எங்களுக்குச் சம்பளத்தோட 84 வேலை நாள்தான் லீவு. நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன், மகளுக்கு அஞ்சாம் மாசம் நடக்கேக்க திரும்பிப் போனனான். வீட்டுக்கு வாற குடும்பநல உத்தியோகத்தர்தான் கையால பால் எடுக்கப் பழக்கினவ. மார்பைக் கறுப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால பிடிச்சு, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு முன்னால அமத்த வேணும், இழுக்கக் கூடாது. பம்ப் வாங்கக் காசில்லாத தங்கச்சிமாருக்கு இது உதவும்.

நீங்கள் கேப்பை எண்டு சொல்றதை நாங்கள் குரக்கன் எண்டு சொல்லுவம், தூளி எங்களுக்கு ஏணை. பிள்ளைக்குப் பல்லு முளைச்சவுடன பல்லுக்கொழுக்கட்டை அவிச்சுத் தலையில கொட்ட மறக்காதேங்கோ. தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் கொழுக்கட்டையில குத்தி வைப்பம். ராத்திரி முழிக்கிறது பல்லு வாறதாலயும் இருக்கலாம், கீழ் முரசை, நீங்கள் ஈறு எண்டு சொல்றதை, தடவிப் பாருங்கோ.

சாரல், திங்கள் (ஆபீஸ் முதல் நாள்) இரவு 11.55

போயிட்டு வந்துட்டேன்.

காலையில கிளம்பும்போது தூங்கட்டும், தெரியாம போயிடலாம்னு நினைச்சேன். அத்தைதான் வேண்டாம்னாங்க. எழுப்பிப் பால் கொடுத்து, "அம்மா ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வந்துருவேன்"னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். லிஃப்ட் கதவு மூடுற வரைக்கும் அத்தை தோள்மேல இருந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அழுதது நான்தான்.

பகல்ல மொத்தம் 190 மில்லி. பருப்பு சாதம் நாலு ஸ்பூன். 300 குடிக்கலையேன்னு மதியம் மூணு மணிக்குப் பதறிப் போன் பண்ணினேன். ஒண்ணுக்கு நல்லா போறா, விளையாடுறான்னு சொன்னாங்க. கொள்ளிடக்கரை தனிச்செய்தியில சொன்ன மாதிரியே வீட்டுக்கு வந்ததுலருந்து விடல, ஈடுகட்டுறா. 6.40-லருந்து இப்ப வரைக்கும் நாலு தடவை. ராத்திரி முழிக்கிறதை இனிமே பிரச்சினையா எழுத மாட்டேன்.

ஆபீஸ்ல ரூம் கேட்டு எழுதிக் கொடுத்துட்டேன். இன்னிக்கு ஸ்டோர் ரூம்ல ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாங்க. தாழ்ப்பாள் இல்ல, கூட வேலை செய்யிற பொண்ணு வெளிய காவல் நின்னா. ரெண்டு தடவையில 160 மில்லி.

நிலவு அக்கா, கீழ் முரசைத் தடவிப் பார்த்தேன். இடது பக்கம் அரிசி முனை மாதிரி ஏதோ விரல்ல உரசுது. அத்தைகிட்ட சொன்னதும் கொழுக்கட்டை எப்படி அவிக்கணும்னு உங்ககிட்ட கேட்கச் சொன்னாங்க. உள்ளே பயறு வைக்கணுமா, வெறும் மாவா?

யாழ் நிலவு, செவ்வாய் காலை 6.30

உள்ளுக்குப் பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். பல்லு வெளியில தெரியட்டும், அதுக்குப் பிறகு நாள் பாருங்கோ. செய்முறை இரவைக்கு எழுதிறன், இப்ப பள்ளிக்கூடத்துக்கு நேரம் போட்டுது.